25 ஹெர்ட்ஸில் தெரிகிற ஆறு

பூமிக்கடியில் இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில் 15 மீட்டர் தடிமனில் ஒரு மணற்கல் அடுக்கு கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து அனுப்பிய அதிர்வு அதன் மேல்முகத்தில் பட்டு ஓர் எதிரொலியாகவும், அடிமுகத்தில் பட்டு இன்னோர் எதிரொலியாகவும் திரும்பி வரும். இரண்டும் தனித்தனியாக வந்து சேர்ந்தால், நடுவில் உள்ள நேரத்தை அளந்து தடிமனைச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஆழத்திலிருந்து வரும் அலையில் பெரும்பாலும் 30 ஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வெண்தான் ஓங்கியிருக்கும். பாறைக்குள் அலை நொடிக்கு 3000 மீட்டர் போகிறது என்றால் அலைநீளம் 100 மீட்டர். மேல்முகமும் அடிமுகமும் பிரிந்து தெரிய அதில் கால்பங்காவது தடிமன் வேண்டும். அதாவது 25 மீட்டர். நம் மணற்கல்லுக்கு அவ்வளவு தடிமன் இல்லை. இரண்டு எதிரொலியும் கலந்து ஒற்றை அலையாகத் திரையில் வந்து நிற்கும்.

1973-இல் வைடஸ் என்பவர் இந்தக் கணக்கைத் தெளிவாக எழுதிவைத்தார். அடுக்கு மெலிந்துகொண்டே போனால் ஒரு கட்டத்துக்குப் பின் எதிரொலியின் வடிவம் மாறுவதே நின்றுவிடும், உயரம் மட்டும் குறைந்துகொண்டு போகும். அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்கு என்று அந்தக் கட்டத்தை அவர் வைத்தார். சைஸ்மிக் தரவை, அதாவது இப்படித் திரும்பி வந்த அதிர்வுகளின் பதிவைப் படித்துச் சொல்லும் வேலையில் இருக்கிறவர்களுக்கு இது முதல் பாடம். சங்கடம் என்னவென்றால், எங்களைத் தேடச் சொல்கிற சமாச்சாரங்களில் பல இந்த எல்லைகளுக்குக் கீழேதான் கிடக்கின்றன. பழைய ஆறு விட்டுப்போன மணல், கடலடியில் சரிந்து விரிந்த மெல்லிய மணல் விசிறி, பாறை அறுந்து பத்து மீட்டர்கூட இறங்காத பிளவு, சுண்ணாம்புக்கல்லை நீர் அரித்த குழி. அலையின் வீச்சை, அதாவது உயரத்தை மட்டும் வைத்துப் போட்ட படத்தில் இவை மங்கலான ஒரு சந்தேகமாக இருக்கும். பல நேரம் அதுவும் இருக்காது.

ஆனால் நேரக் கணக்கில் தொலைந்துபோன அந்த இரண்டு எதிரொலிகளும், கலந்த விதத்தில் ஒரு தடயத்தை விட்டுவிட்டுத்தான் போகின்றன. மழை நின்ற பின் தார்ச்சாலையில் தேங்கிய நீரில் எண்ணெய் படர்ந்தால் வானவில் நிறங்கள் தெரியுமே, அதே இயற்பியல்தான் இங்கும். படலத்தின் மேல்முகமும் அடிமுகமும் திருப்பி அனுப்பும் ஒளி, சில அலைநீளங்களில் ஒன்றையொன்று வலுவாக்குகிறது, சிலவற்றில் அழிக்கிறது. எந்த நிறம் மிஞ்சுகிறது என்பதைத் தீர்மானிப்பது படலத்தின் தடிமன். பாறை அடுக்கும் தன்மேல் விழுகிற அதிர்வை இப்படித்தான் சல்லடை போடுகிறது. தடிமன் எவ்வளவு என்று நேரடியாகக் கேட்டால் பதில் வராது. எந்த அதிர்வெண்ணைத் தூக்கிவிட்டாய், எதை விழுங்கினாய் என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

கணக்கு எளிது. மேல்முகமும் அடிமுகமும் ஒரே அளவில், ஆனால் எதிரெதிர்க் குறியோடு (ஓர் எதிரொலி நிமிர்ந்தும் மற்றது கவிழ்ந்தும்) பிரதிபலிக்கின்றன என்று எடுத்துக்கொள்வோம். களிப்பாறைக்கு நடுவே சிக்கிய மணற்கல் பெரும்பாலும் இப்படித்தான். அலை அடுக்குக்குள் போய்த் திரும்ப ஆகும் நேரத்தின் இரட்டிப்பால் ஒன்றை வகுத்தால், அடுக்கு மிக உரக்கப் பேசும் அதிர்வெண் கிடைக்கும். அந்த நேரத்தாலேயே வகுத்தால், அது முற்றிலும் வாயடைக்கும் அதிர்வெண். நம் 15 மீட்டர் மணற்கல்லில் போய்வரும் தூரம் 30 மீட்டர், நேரம் 10 மில்லிசெகண்ட். ஆகவே உச்சம் 50 ஹெர்ட்ஸில், பள்ளம் 100 ஹெர்ட்ஸில். தடிமன் 30 மீட்டரானால் நேரம் 20 மில்லிசெகண்ட், உச்சம் 25-க்கு இறங்கும், பள்ளம் 50-க்கு வரும். ஒன்று உரக்கப் பேசுகிற இடத்தில் மற்றது மௌனமாக இருக்கிறது. நேரத்தில் பிரிக்க முடியாத வித்தியாசம் அதிர்வெண்ணில் இவ்வளவு விரிந்து கிடக்கிறது.

இது தெரிந்த இயற்பியல்தானே, ஏன் முன்பே செய்யவில்லை என்று கேட்கலாம். ஒரு நொடி நீளத் தரவை எடுத்து அதன் நிறமாலையை, அதாவது எந்த அதிர்வெண் எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்ற வரைவைப் போட்டுப் பாருங்கள். அதற்குள் நூற்றுக்கணக்கான அடுக்குகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வோர் அதிர்வெண்ணைத் தூக்க, எல்லாம் சேர்ந்து சமனாகிவிடும். மிஞ்சுவது நாம் அனுப்பிய அலையின் நிறமாலை மட்டும்தான். பாறையைப் பற்றி அதில் எதுவும் இல்லை. எடுத்துப் பார்க்கும் இந்தத் துண்டை, அதாவது சாளரத்தை, 100 மில்லிசெகண்டுக்குச் சுருக்கினால் கதை மாறுகிறது. உள்ளே ஒரு சில அடுக்குகள்தான், அவை ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளப் போதாது. நிறமாலை இடத்துக்கு இடம் மாறத் தொடங்கும், அந்த மாற்றம் நிலவியல் மாற்றமாக இருக்கும்.

இந்த அதிர்வெண் முறையை நடைமுறை உத்தியாக உலகத்துக்குக் காட்டியது 1999-இல் பார்ட்டிகாவும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட கட்டுரை. மெக்சிகோ வளைகுடாவின் முப்பரிமாணத் தரவிலிருந்து, பனியுகக் காலத்து மிசிசிப்பி ஆற்றின் பழைய தடங்களை அதிர்வெண் வாரியாக வரைந்து காட்டினார்கள். செய்முறை இதுதான்: தேடுகிற அடுக்கை ஒட்டி ஒரு எல்லைக்கோட்டைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டு போய், அதைத் தட்டையாக்கி, அதைச் சுற்றி குட்டைச் சாளரம் வைக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியிலும் அலையை அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியர் உருமாற்றம் செய்து, 10 ஹெர்ட்ஸுக்கு ஒரு வரைபடம், 11-க்கு ஒன்று, 12-க்கு ஒன்று என்று அடுக்கிக்கொள்ள வேண்டும். அனுப்பிய அலையின் சொந்த நிறமாலையை வகுத்து நீக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அலையில் ஓங்கியிருந்த அதிர்வெண்தான் எல்லா இடத்திலும் ஓங்கித் தெரியும். அப்புறம் அந்த வரைபடங்களைச் சினிமா மாதிரி ஓடவிட வேண்டியதுதான்.

ஓடவிட்டால் என்ன தெரியும் என்பதில்தான் இந்த உத்தியின் மொத்த வசீகரமும் இருக்கிறது. ஒரு பழைய ஆற்றுத்தடத்தை நினைத்துக்கொள்ளுங்கள், நடுவில் 30 மீட்டர் மணல், கரையோரம் 10 மீட்டர். 25 ஹெர்ட்ஸ் வரைபடத்தில் நடு ஓட்டம் மட்டும் ஒளிரும். அதிர்வெண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் ஒளி நடுவிலிருந்து விலகி இரு கரைகளை நோக்கி நகரும். 50-ஐத் தொடும்போது நடு ஓட்டம் இருண்டு, ஓரங்கள் கோடாக நிற்கும். கிளை ஆறு இருந்தால் அதற்கென்று ஓர் அதிர்வெண்ணில் அது தலைகாட்டும். ஆறு வளைந்த இடமும், வளைவின் உட்புறம் மணல் சேர்ந்த மேடும் தெரியும். ஒரு வரைபடத்தில் மட்டும் பார்த்தால் இதில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒளி நகர்கிற விதம்தான் சாட்சி. தடிமன் படிப்படியாக மாறுகிற ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்று அந்த நகர்வு சொல்கிறது. இரைச்சல் அப்படி ஒழுங்காக நகராது.

என் கருத்தில் இந்தத் துறையில் பலர் பிழையாகப் பார்க்கும் இடம் இதுவே. வரைபடத்தில் ஒரு புள்ளியைக் காட்டி ‘இங்கே 42 ஹெர்ட்ஸ், ஆகவே 18 மீட்டர்’ என்று எண்ணைச் சொல்ல அவசரப்படுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது வடிவத்தை. ஆறு ஆறு மாதிரி வளைகிறதா? கிளைகள் சேருகிற கோணம் நீர் ஓடுகிற திசைக்குப் பொருந்துகிறதா? விசிறி என்றால் அதற்கு ஊட்டம் கொடுத்த வாய்க்கால் எங்கே? இயற்கை வரைகிற வடிவங்களை நம் கணினி தற்செயலாக வரைவது கடினம். எண்ணைத் தற்செயலாகக் கொடுப்பது மிகச் சுலபம்.

எண் ஏன் ஏமாற்றும் என்பதற்கு ஒரு காரணம் மட்டும் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது போதிய அளவு பேசப்படுவதில்லை. மேலே போட்ட கணக்கில் இரு முகங்களும் எதிரெதிர்க் குறி என்று வைத்துக்கொண்டோம். பாறை கீழே போகப்போகப் படிப்படியாகக் கெட்டியாகிறது என்றால், மென்பாறை, நடுத்தரம், கெட்டிப்பாறை என்ற வரிசையில், இரு முகங்களும் ஒரே குறியில் பிரதிபலிக்கும். அப்போது கணக்கு தலைகீழ். முன்பு உச்சம் இருந்த அதே அதிர்வெண்ணில் இப்போது பள்ளம் விழும். 15 மீட்டர் அடுக்கு 50 ஹெர்ட்ஸில் உரக்கப் பேசுவதற்குப் பதிலாக ஒன்றுமே பேசாது. நிஜப் பாறையில் இரண்டும் கலந்துதான் இருக்கும். எந்த ஜோடி எதிரொலியையும் ஒரே குறியுள்ள ஒரு சமச்சீர்ப் பங்காகவும் எதிரெதிர்க் குறியுள்ள ஓர் எதிர்ச்சமச்சீர்ப் பங்காகவும் பிரித்து எழுதலாம். கரையின் ஒரு பக்கம் மணலுக்கு அடியில் களிமண்ணும் மறுபக்கம் சுண்ணாம்புக்கல்லும் இருந்தால், தடிமன் மாறாமலே நிறம் மாறும். வரைபடத்தில் அது தடிமன் மாறியது போலத்தான் தெரியும். தோண்டிய கிணற்றுக்குள் கருவி இறக்கி அளந்த கிணற்றுப் பதிவு ஒன்றாவது கையில் இல்லாமல் இதைப் பிரித்தறிய வழி இல்லை.

சாளரத்தின் நீளம் இன்னொரு தலைவலி. குட்டையாக வைத்தால் எந்த அடுக்கு என்று சரியாகச் சொல்லலாம், ஆனால் அதிர்வெண் மங்கிவிடும். நீளமாக வைத்தால் அதிர்வெண் கூர்மையாகும், அக்கம்பக்கத்து அடுக்குகளும் உள்ளே நுழைந்துவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் கூர்மையாக்க முடியாது என்பதை 1946-லேயே இயற்பியலாளர் கேபர் காட்டிவிட்டார். இதற்கு ஒரு சமரசம் கண்டுபிடித்தவர் சைஸ்மிக் துறைக்காரர்தான் என்பது எனக்கு எப்போதும் பெருமையான விஷயம். பிரான்சின் எல்ஃப் எண்ணெய் நிறுவனத்தில் இருந்த ழான் மோர்லே, தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு நீளமான சாளரம், உயர்ந்ததற்குக் குட்டையான சாளரம் என்று ஒரே வடிவத்தை நீட்டியும் சுருக்கியும் பயன்படுத்தினார். மார்செய் நகரில் இருந்த இயற்பியலாளர் அலெக்ஸ் கிராஸ்மனோடு சேர்ந்து 1984-இல் அதற்குக் கணித அடிப்படை போட்டார். அதுதான் பின்னாளில் வேவ்லெட் என்று உலகம் முழுக்கப் பரவி, படங்களைச் சுருக்கும் ஜேபெக் 2000 வரை போய்ச் சேர்ந்தது. அந்தக் கணிதத்தை வளர்த்தெடுத்த ஈவ் மேயருக்கு 2017-இல் ஏபல் பரிசு கிடைத்தது. எண்ணெய் தேடப் போனவர்கள் கண்டுபிடித்த கருவி அது என்று கணிதக்காரர்களிடம் நினைவூட்ட நான் ஒரு வாய்ப்பையும் விடுவதில்லை.

கணநேர அதிர்வெண் என்று ஒன்று இதற்கும் முன்பே இருந்தது. 1979-இல் டானரும் கோலரும் ஷெரிஃபும் எழுதிய கட்டுரையிலிருந்து எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. ஒரு கணத்தில் அலை தன் ஏற்ற இறக்கச் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கட்டம் என்பார்கள்; அது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதே அந்த அளவு. இரண்டு எதிரொலிகள் கலக்கும் இடத்தில் அது திடீரென்று குதிக்கும், சில சமயம் எதிர்மறைக்குக்கூடப் போகும். எதிர்மறை அதிர்வெண்ணா என்று பயந்து அதை மழுப்பித் துடைத்துவிடுகிறவர்கள் உண்டு. துடைக்காமல் வைத்துக்கொள்வதே நல்லது. அந்தக் குதிப்புகளே மெல்லிய அடுக்குகள் கலக்கும் இடத்தின் அடையாளம்.

பிளவுகளுக்கு வருவோம். 5 மீட்டர் மட்டும் இறங்கிய ஒரு பிளவு. போய்வரும் தூரத்தில் 10 மீட்டர் வித்தியாசம், நேரத்தில் 3.3 மில்லிசெகண்ட். சாதாரணக் குறுக்குவெட்டுப் படத்தில் இதைக் கண்ணால் பிடிப்பது பெரும்பாடு. ஆனால் கட்டமாக எண்ணிப் பாருங்கள். 15 ஹெர்ட்ஸில் அது 18 டிகிரி, 30-இல் 36 டிகிரி, 60-இல் 72 டிகிரி. ஆகவே உயர் அதிர்வெண்ணில் எடுத்த கட்ட வரைபடத்தில் அந்தப் பிளவு கோடாகத் தெரிந்துவிட வாய்ப்பு அதிகம், அந்த அதிர்வெண்ணில் இரைச்சல் குறைவாக இருந்தால். வீச்சு வரைபடம் தடிமனுக்கு, கட்ட வரைபடம் அறுந்த இடங்களுக்கு என்று ஒரு வேலைப் பிரிவினை வைத்துக்கொள்ளலாம். 1995-இல் பஹோரிச்சும் ஃபார்மரும் கொண்டுவந்த கோஹெரன்ஸ் முறையையும் இதோடு சேர்க்கலாம். அக்கம்பக்கத்து அலைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அளக்கும் முறை அது. முழு அலைக்கற்றையில் செய்வதற்குப் பதில் அதிர்வெண் பட்டை பட்டையாகச் செய்தால், ஒரு பட்டையில் இரைச்சலில் மறைந்த பிளவு இன்னொன்றில் வெளிப்படும். நிலக்கரிச் சுரங்கத்தில் சில மீட்டர் பிளவுகூட வெட்டு வேலையை நிறுத்திவிடும். அங்கே இதன் அருமை நன்றாகத் தெரியும்.

எண்ணெய், எரிவாயுவுக்கு வெளியே எனக்குப் பிடித்த உதாரணம் ஸ்லைப்னர். நார்வேயின் வடகடல் பகுதியில் 1996-லிருந்து கார்பன் டை ஆக்சைடை உட்சிரா மணற்பாறைக்குள் செலுத்துகிறார்கள். அந்த மணலுக்குள் ஒரு மீட்டர் அளவிலான மெல்லிய களிப்பாறைகள் குறுக்கே கிடக்கின்றன. வாயு மேலேறி ஒவ்வொன்றின் அடியிலும் தேங்கி, சைஸ்மிக் படத்தில் 9 அடுக்குகளாகத் தெரிகிறது. ஒவ்வொரு தேக்கமும் மெல்லியது, எல்லாம் அலைநீளத்தின் கால்பங்குப் பிரச்சினையில் மாட்டிக்கொண்டவை. எவ்வளவு வாயு எங்கே இருக்கிறது என்று கணக்கு ஒப்புவிக்க வேண்டுமென்றால் தடிமன் தெரிந்தாக வேண்டும். இந்த இடம் அதிர்வெண் முறைக்குப் பொருத்தமானது. வாயு நிரம்பிய மணலில் அலையின் வேகம் நொடிக்கு 2000 மீட்டரிலிருந்து 1400-ஐ ஒட்டி இறங்குவதால், அடுக்குக்குள் அலை கழிக்கும் நேரம் கூடுகிறது. மேல்முகம், அடிமுகம் இரண்டும் ஏறக்குறைய எதிரெதிர்க் குறியில் பிரதிபலிக்கின்றன, அதாவது கணக்கு தலைகீழாகும் தொல்லை குறைவு. செலுத்துவதற்கு முன் எடுத்த தரவும் கையில் இருக்கிறது, கழித்துப் பார்க்கலாம். எல்லா இடமும் இப்படி இருந்தால் எங்கள் வேலை எவ்வளவோ சுலபம்.

சரி, முறைக்கு எல்லை இல்லையா? இருக்கிறது. அடுக்கு 6 மீட்டர் என்றால் நேரம் 4 மில்லிசெகண்ட், உச்சம் 125 ஹெர்ட்ஸ். அந்த ஆழத்திலிருந்து 125 ஹெர்ட்ஸ் திரும்பி வருவதே இல்லை. நம் பட்டைக்குள் தெரிவது ஏறிக்கொண்டே போகும் ஒரு சரிவின் அடிப்பகுதி மட்டும்தான். 6 மீட்டருக்கும் 4 மீட்டருக்கும் அந்தச் சரிவின் வடிவம் கிட்டத்தட்ட ஒன்றேதான், உயரம் மட்டும் வேறு. உயரமோ தடிமனாலும் மாறும், பாறையின் கெட்டித்தன்மையாலும் மாறும். சுற்றிச் சுற்றி வைடஸ் சொன்ன இடத்துக்கே வந்துவிட்டோம். அதிர்வெண் முறை அந்தச் சுவரை இடித்துவிட்டது என்று விளம்பரங்களில் படித்தால் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நாம் கவனிக்காமல் விட்டிருந்ததை எல்லாம் அது பொறுக்கிக் கொடுக்கிறது, அதுவே பெரிய விஷயம்.

இல்லாத அதிர்வெண்ணைச் சமன்படுத்துகிறேன் என்று தூக்கிவிடுவது அடுத்த வினை. தரவில் 70 ஹெர்ட்ஸில் இரைச்சல் தவிர ஒன்றுமில்லை என்றாலும், நிறமாலையைத் தட்டையாக்கும் மென்பொருள் அந்த இரைச்சலைப் பெருக்கி அழகான 70 ஹெர்ட்ஸ் வரைபடம் ஒன்றைக் கொடுத்துவிடும். தரவெடுத்த கோடுகளின் தடம் அதில் வரிவரியாக இருக்கும். அதைப் பாறையின் விரிசல் என்று அம்புக்குறி போட்டுக் காட்டிய வரைபடங்களைப் பார்த்திருக்கிறேன்.

தாழ்அதிர்வெண் நிழலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எரிவாயுத் தேக்கத்துக்குக் கீழே தாழ்ந்த அதிர்வெண்கள் ஓங்கித் தெரிவதை டானர் குழுவின் 1979 கட்டுரையே குறிப்பிட்டது. 2003-இல் காஸ்டக்னாவும் சகாக்களும் புதிய முறைகளில் அதைத் துலக்கமாகக் காட்டிய பின், நிழல் தெரிந்தால் வாயு என்று ஒரு நம்பிக்கை பரவிவிட்டது. வாயு நிரம்பிய பாறை உயர் அதிர்வெண்களை உறிஞ்சிவிடுகிறது என்பது வழக்கமான விளக்கம். போட்டுப் பார்ப்போமே. தேக்கம் 30 மீட்டர், வேகம் 2000, போய்வரும் நேரம் 30 மில்லிசெகண்ட். உறிஞ்சலைக் குறிக்கும் கியூ மதிப்பு 20 என்று வைப்போம், அது கடுமையான உறிஞ்சல்தான். 20 ஹெர்ட்ஸ் அலையில் 91 சதவீதம் மிஞ்சும், 40 ஹெர்ட்ஸில் 83 சதவீதம். திரையில் கண்ணைப் பறிக்கிற நிழலை உண்டாக்க இந்த வித்தியாசம் போதாது. பல நூறு மீட்டர் வாயு என்றால் வேறு பேச்சு. மெல்லிய தேக்கத்தின் கீழே நிழல் தெரிந்தால், அலையை அனுப்பிய இடத்துக்கும் பதிவு செய்த இடத்துக்கும் உள்ள தொலைவுக்காகச் செய்யும் நேரத் திருத்தத்தில் அலை நீட்டப்பட்டதா, தவறான வேகத்தை வைத்துப் பல பதிவுகளை ஒன்றாக அடுக்கிச் சேர்த்ததில் உயர் அதிர்வெண் கரைந்ததா, தேக்கத்துக்குள்ளேயே எதிரொலித்துத் தாமதமாக வந்த அலையா என்று வரிசையாகக் கேட்க வேண்டும். நிழல் வாயுவோடு சம்பந்தப்பட்டதாகவே இருக்கலாம், ஆனால் உறிஞ்சலால் வந்தது என்று சொல்ல அது போதாது. அதை வைத்து மட்டும் ஒரு கிணறு தோண்டச் சொல்லி நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

இப்போதெல்லாம் மூன்று அதிர்வெண்களை எடுத்து, தாழ்ந்ததற்குச் சிவப்பு, நடுவுக்குப் பச்சை, உயர்ந்ததற்கு நீலம் என்று கலந்து ஒரே படமாகப் போடுவது வழக்கமாகிவிட்டது. தடித்த மணல் சிவந்தும், ஓரங்கள் நீலமாகவும், மூன்றும் சேர்ந்த இடம் வெள்ளையாகவும் பிரமாதமாக இருக்கும். கூட்டத்தில் இந்தப் படம் வந்ததும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்வார்கள். எனக்கும் பிடிக்கும். ஆனால் எந்த மூன்றைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைப் பொறுத்து ஆறு தோன்றும், மறையும், இரண்டாகப் பிரியும். அதனால் வண்ணப் படத்தின் ஓரத்தில் இரண்டு சின்னப் பெட்டிகளை வைத்துவிடுவது என் வழக்கம். ஒன்றில் அந்தச் சாளரத்தில் தரவின் உண்மையான நிறமாலை, எது வரை சமிக்ஞை, எங்கிருந்து இரைச்சல் என்று கோடு போட்டு. இன்னொன்றில் அருகிலுள்ள கிணற்றின் வேகத்தையும் அடர்த்தியையும் கொண்டு செய்த ஆப்பு வடிவ மாதிரி, தடிமன் பூஜ்யத்திலிருந்து ஏறும்போது அந்த மூன்று வண்ணமும் எப்படி மாற வேண்டும் என்று காட்டுவது. படத்தில் உள்ள வண்ண வரிசை ஆப்பில் உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டால் எனக்கு முன்பாகவே எதிரில் இருப்பவர் கேட்டுவிடலாம். பெட்டிகளுக்கு இடம் போதவில்லை என்று யாராவது சொன்னால், வண்ணப் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிவிடுவேன்.